முந்தின நாளே திருக வேண்டிய ஹீட்டர்

டிசம்பர் 5, வெள்ளி

சஹானா கோட்டைக் கழற்றாமலேயே சாப்பிட்டாள். "இந்த ரூம்ல தூங்கினா காய்ச்சல்தான் வரும்மா." அவள் வந்ததுமே ஹீட்டரை உச்சத்துக்குத் திருகியிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் அப்பா வந்து டொலார்டுக்கு, நான் விட்டு வந்த எங்கள் பழைய வீட்டுக்கு, அழைத்துப்போனார். அங்கே தரையே வெதுவெதுப்பாக இருக்கும்.

ஜனவரியில் அவளுக்கு டவுன்டவுனில் வகுப்பு தொடங்கும். அங்கே தங்குவதா, இங்கே வில்லரேயில் என்னோடா, அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால் பாவம் பார்த்துச் சரி என்பாள். அது வேண்டாம்.

டிசம்பர் 6

அந்த அறை இப்போது கொதிக்கிறது. யாருக்கு?

டிசம்பர் 9

மாடி வீட்டு இமெல்டாவிடம் புலம்பினேன். நான் புலம்புகிற ஆள் இல்லை. அவள் மன்னார்க்காரி, மருந்துக்கடையில் வேலை. அவள் வீட்டிலும் இதே செங்கல் வைத்த ஹீட்டர்தான். சிரித்தாள். "அக்கா, அது ராவிலதான் சூட்டை உள்ளுக்கு எடுக்கும். இண்டைக்குத் திருகினா நாளைக்குத்தான் சுடும். பிள்ளை வந்து நிண்ட பிறகு திருகி என்ன செய்யிறது? யூனிவர்சிட்டியில வேற படிப்பிக்கிறீங்கள்."

குடிவந்தபோது வீட்டு ஓனரும் இதைத்தான் சொன்னார். ஓட்டைப் பெட்டிக்குச் சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஆக, வியாழனே திருக வேண்டும். அவள் வருவாளா என்பது வெள்ளி மதியம்தான் தெரியும்.

டிசம்பர் 11, வியாழன்

வருகிறேன் என்று சொல்லாதவளுக்காகவா? வருகிற கரண்ட் பில்லில் ஏற்கெனவே பாதிச் சம்பளம் போய்விடும் போலிருக்கிறது. குறைவாகவே விட்டேன். பிறகு எழுந்துபோய்க் கூட்டி வைத்தேன். சும்மா.

டிசம்பர் 12

"ஸாரிம்மா, ஃப்ரெண்ட் பர்த்டே." வரவில்லை. சூடான அறையில் நானே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். முட்டாள்தனம் — ஆனால் கால் விறைக்கவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

நாளை மைனஸ் இருபது டிகிரியாம். உச்சத்தில் வைத்தேன்.

டிசம்பர் 20

நேற்று வந்தாள். கோட்டைக் கழற்றினாள், ஸ்வெட்டரையும். காலையில் எட்டிப் பார்த்தால் போர்வை காலடியில் கிடக்கிறது, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். அப்பாடா.

டிசம்பர் 21

போகும்போது கேட்டாள்: "முந்தின நாளே வைக்கணுமாமே, இமெல்டா ஆன்ட்டி சொன்னாங்க. நான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்ப போன வாரமும் வச்சியா? நான் வரவேயில்லையே."

டப்பாவில் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் வெளியே காத்திருந்த அப்பாவின் காரை நோக்கிப் போகாமல் அங்கேயே நின்றாள்.

ஜனவரி 25, ஞாயிறு

டவுன்டவுனுக்கு இங்கிருந்து மெட்ரோவில் போவது சுலபமாம். அதுதான் காரணமாம். இருக்கட்டும். மூன்று பெட்டி, ஒரு கிட்டார், அடி தேய்ந்த செருப்பு: குடிவந்துவிட்டாள்.

அறையில் வேகிறதாம். வெளியே பனி கொட்டுகிறது, ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருக்கிறாள். பில் கட்டுவது நான்.

"என் ரூம் ஹீட்டரை இனிமே நீ தொடாதம்மா. நானே பாத்துக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.