சுடலையின் பல்லைப் பிடுங்கியவருக்கு

நாரணாபுரம்,
22.6.2006

பெத்தணன் அண்ணாச்சிக்கு, வேலுச்சாமி கும்பிட்டுச் சொல்லச் சொல்ல, பேத்தி ஓவியா எழுதுவது. முப்பத்தெட்டு வருசம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று கிழித்துவிடாதீர்கள். நல்ல சேதி.

திங்கட்கிழமை மதுரையில் என் மகள் பிள்ளை செழியனுக்குக் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். ரத்தம் நின்றுவிட்டது அண்ணாச்சி. மூன்றாம் நாளும் தாண்டி, இன்று காலை வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

முதலில் சிவகாசியில்தான் காட்டினோம். பல் டாக்டரம்மா குறடு எடுத்ததும் அவர் கையைப் பிடித்துவிட்டேன். என் மகன் சுடலை ஒன்பது வயதில் பல் பிடுங்கி மூன்றாம் நாள் போனதையும், என் வீட்டுக்காரி இருளம்மாளின் தம்பிக்கு முள் கீறி ஏழு நாள் ரத்தம் ஒழுகியதையும் சொன்னேன். இதெல்லாம் எழுதி வச்சிருக்கீகளா தாத்தா என்று கேட்டார். எனக்கு எழுத்தே தெரியாது, எல்லாம் மண்டைக்குள்தான் என்றேன். குறட்டைக் கீழே வைத்துவிட்டு ரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார்.

உறையாத ரத்தமாம். தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருமாம். யார் மேலும் குற்றமில்லையாம். மதுரையில் முதலில் ரத்தம் உறைய ஊசி போட்டார்கள். பிறகுதான் பல். குழியில் தையல் போட்டு, மருந்தில் நனைத்த துணியை வைத்து, கடித்துக்கொள், துப்பாதே, கொப்பளிக்காதே என்றார்கள். பயல் அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் வாய் ஓயவில்லை. இந்தத் தாத்தாவுக்கும் ஒரு துணி குடுங்க என்றது நர்ஸ் பிள்ளை.

அன்றைக்கு நீங்கள் சுடலையின் பல்குழியில் பஞ்சை வைத்து, பொழுது சாயும்வரை கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தீர்கள். ரத்தம் உங்கள் முழங்கை வழியே சொட்டியது. அதையும் பெரிய டாக்டரிடம் சொன்னேன். அந்தக் கம்பவுண்டர் செய்தது சரிதான், அதற்கு மேல் அந்தக் காலத்தில் யாரும் செய்திருக்க முடியாது என்றார்.

உங்களைக் கொலைகாரன் என்று முதலில் சொன்னது என் வாய். காணாமல் போன உங்கள் குறடுப் பெட்டியைக் கிணற்றில் போட்டதும் நான்தான். பிறகுதான் ஊர் சேர்ந்துகொண்டது, நீங்கள் கோவில்பட்டிக்குப் போனீர்கள்.

காலையிலிருந்து பஸ்ஸிலும் டீக்கடையிலும் கம்பெனி வேன் நிற்கும் இடத்திலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் விலாசம் தந்த சோலைச்சாமி, ஏலே, எம்புட்டுத் தடவதாம்லே சொல்லுவ என்கிறான். முப்பத்தெட்டு வருசம் சொன்னதை அழிக்க வேண்டாமா?

அடுத்த வார ஞாயிறு வாருங்கள் அண்ணாச்சி. பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். ஊருக்குள் நீங்கள் முன்னால் நடங்கள், நான் பின்னால் வருகிறேன். செழியன் வாயைத் திறந்து காட்டுவான். இருளம்மாள் உங்களை ஒருநாளும் ஏசியதில்லை. அவள் கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்.

கீழே இருப்பது என் கட்டைவிரல்.

வேலுச்சாமி