பிராதில் இருந்த கைநாட்டு

என் பிள்ளைகளைப் பெற்றவளுக்கு,

கடலூரில் உன் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மச்சான் எழுதுகிறார். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இதை அடுப்பில் போட்டுவிடு.

மோட்டாரைத் திருடினேன் என்று ரைஸ் மில்லிலிருந்து துரத்தினாரே முதலாளி, அவர் நான் மிரட்டுவதாகச் சிதம்பரம் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது எழுதி வேலில் கட்டுவார்களே, அப்படி என் பெயரில் எழுதிய ஒன்று மில் கேட்டில் செருகியிருந்ததாம். 'தொண்ணூறு நாளில் இவர் கை விளங்காமல் போக வேண்டும்' என்று எழுதி, கீழே கைநாட்டும் இருந்ததாம். பத்தாம் நாள் முதலாளி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

"யோவ் பெருசு, சாமிகிட்டயே பெட்டிஷன் குடுத்துட்டா நாங்க எதுக்குய்யா இருக்கோம்?" என்று, என்னைக் கூப்பிட்டு விசாரித்த இன்ஸ்பெக்டர் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "கைநாட்டு உன்னுதா?" என்றார்.

"ஆமாங்கய்யா, என்னுதுதான்."

"அப்ப வெள்ளிக்கிழம வா. ரேகைய ஒத்துப் பாத்துரலாம்."

அங்கிருந்து நேராகக் கடலூர் பஸ் ஏறிவிட்டேன். நான் ஜெயிலுக்குப் போவேன் என்று பயந்து அல்ல.

ஆடி இரண்டாம் திங்கள், அக்காவைப் பார்க்கப் போவதாக விருத்தாசலம் பஸ் ஏறினாய். பச்சைப் புடவை. திரும்பும்போது நெற்றியில் விபூதி, பெருவிரலில் நீல மை. அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

ரேகை ஒத்து வராவிட்டால் வீட்டுக்கு வருவார்கள். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் விரலைக் கொடுக்காதே. உன் பெயரை எழுத மகளிடம் இன்றைக்கே கற்றுக்கொள். வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்.
கீழே இருப்பது என் கைநாட்டுதான்.