செம்மண் படாத முன்கை

வெண்கழி நாட்டுக்கும் அதன் துறைமுகங்கள் யாவற்றுக்கும் உரியவரும், கடல் கொண்ட ஊர்களை மீண்டும் குடியேற்றியவரும், கல்விச்சாலைக் கதவை எல்லாக் குடிகளுக்கும் திறந்துவிட்டவருமான பெருந்தேவியார் நிலமங்கையாரின் திருமுன்புக்கு, ஆழிமங்கலத்துப் பந்தாட்டக் களத்தில் கூலி வாங்காது நடுவராக நிற்கும், உப்பளத்தில் உப்பு வாரும் அளக்குடியில் பிறந்த வெள்ளச்சி எழுதும் ஓலை. தேவியாரின் நலம் பெருகுக. துறைகளில் கலங்கள் நிறைக. உப்பு விளையும் காலத்தில் மழை பெய்யாதிருக்க.

தேவியாரின் மகன் இளவரசர் பரிதிவேள் என் முன் வந்து தம் முன்கையை நீட்ட வேண்டும்.

இதை மட்டும் கேட்கக் கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஆட்டப் பேரவையார் என்னை உள்ளறைக்கு அழைத்து, நிலம் கேள், பதவி கேள், உன் ஊருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு கேள், தேவியார் எதையும் மறுக்கமாட்டார், இதை மட்டும் வாயால்கூடச் சொல்லாதே என்று அறிவுறுத்தினார்கள். என் தாயிடமும் ஆள் போயிற்று. அவள் உப்பு வாரிய கையோடு ஓடிவந்து, "அந்தப் பேச்சை எடுக்காதடி. படிச்சது போதும், உசுரோட வீடு வந்து சேரு" என்றாள். கேட்க வேண்டியதை முதலில் கேட்டுவிட்டேன். இனி, விழா ஆட்டத்தன்று களத்தில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். தேவியாரும் அன்று பந்தலில் இருந்தார். ஆனால் பந்தலிலிருந்து பார்ப்பது வேறு, நடுவில் நின்று பார்ப்பது வேறு.

ஆட்டத்தில் பேச்சு வருவது இயல்பு. காலில் அடிபட்டவன் முனகுவான், பந்தை விட்டவன் நடுவரைத் திட்டுவான். எங்களைப் போல வாரம் முழுதும் வேறு தொழில் பார்த்துவிட்டு ஓய்வு நாளில் ஊதுகொம்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் நடுவர்கள் முதலில் பழகுவது, காது கேட்டும் கேளாதவராக இருப்பதைத்தான். முணுமுணுப்பு மூச்சு மாதிரி, விட்டால் போய்விடும். கையை வீசிக்கொண்டு வந்தால் ஓர் அடி பின்வாங்கி, நிலையாக நின்று, அவன் குரலைவிடத் தாழ்ந்த குரலில் பேச வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அவன் அணித்தலைவனை அழைத்து, உன் ஆளை நீயே பார்த்துக்கொள் என்று விட வேண்டும். களம் முழுதும் கேட்க இழிவாகப் பேசினால் மட்டுமே இடுப்பில் கட்டிய செம்மண் கிண்ணத்தில் விரலை நனைத்து, அவன் முன்கையில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு பட்டவன் வெளியேறுவான். தோலில் படும்வரை அவன் ஆட்டக்காரன்தான். அதனால்தான் யாரும் கையை மறைப்பதில்லை. படைத்தலைவர்களும் கடை வணிகர்களும் பல்லைக் கடித்துக்கொண்டாவது நீட்டியிருக்கிறார்கள். நீட்டாதவன் ஒருவன் வந்தால், எல்லையில் நிற்கும் துணைநடுவர் வந்து நடுவரின் தோளோடு தோள் நிற்க வேண்டும், அவன் நீட்டும்வரை பந்து அசையக் கூடாது என்பது நம் நாட்டு முறை.

இளவரசர் எதிரணிக்காரனின் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டுப் பந்தை இலக்குக்குள் அடித்தார். நான் கொம்பூதி, அது செல்லாது என்றேன். அவர் முனகினார், விட்டேன். அருகில் வந்து, "எந்தக் கண்ணால பார்த்த?" என்றார். பின்வாங்கி நின்று, "இளவரசே, சொன்னது சொன்னதுதான். ஆட்டத்தைப் பாருங்க" என்றேன். அவர் என்னைச் சுற்றி வந்து கைதட்டத் தொடங்கினார், மெதுவாக, ஒவ்வொன்றாக. அணித்தலைவரை அழைத்தேன். அவர் சிரித்தார். "நீயே சொல்லும்மா, நீதான் படிச்சவளாச்சே" என்றார். அப்போதுதான் இளவரசர் பந்தல் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்க, "உப்பை வாருறவளுக்கு வெயில்ல கண்ணு பூத்துப்போயிருக்கும், பாவம். ஊருக்குப் போய் மூட்டை எண்ணச் சொல்லுங்க" என்றார்.

நான் சினத்தில் விரலை நனைக்கவில்லை. தேவியார் நம்ப வேண்டும். சினம் பிறகுதான் வந்தது. அந்த நேரம், முறைப்படி செய்கிறோம் என்ற ஒன்றே மனதில் இருந்தது. செம்மண் நனைந்த விரலோடு அவர் முன் சென்று கையைக் காட்டச் சொன்னேன். அவர் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எட்ட நில்லு. அந்த விரல் என் மேல படக் கூடாது. வேணும்னா ஒரு குச்சி எடுத்துப் பூசு" என்றார். அவர் தோழர் ஒருவர், "பட்டாத்தான் என்ன இளவரசே, குளத்துல ஒரு முழுக்குப் போட்டா ஆச்சு" என்றார். பந்தலில் சிரிப்பு எழுந்தது. யார் யார் சிரித்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

எல்லையில் நின்றவர் கீரந்தை. கல்விச்சாலையில் என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து எழுதியவர். அவருடைய தந்தை கோயில் கணக்கர். எனக்கு முதன்முதலாகக் கொம்பூதக் கற்றுத்தந்து, என் மூச்சு போதாததைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தவரும் அவர்தான். நான் அவரைப் பார்த்தேன். அவர் வந்து என் தோளோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பேசக்கூட வேண்டாம். அவர் தம் கையிலிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அப்படி என்ன கொடி. வெறும் மஞ்சள் துணி. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு பந்தலிலிருந்து முரசு அதிர்ந்தது. ஆட்டம் தொடரட்டும் என்று கை அசைத்தவர் தேவியார்.

பந்து உருண்டது. நான் விரலை நீட்டியபடி நடுக்களத்தில் நின்றேன். அவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவன் ஒரு கம்பத்தைச் சுற்றுவது போல என்னைச் சுற்றிப் பந்தைக் கடத்தினான். இளவரசர் மறுபடி ஓர் இலக்கு அடித்தார். ஊர் ஆர்ப்பரித்தது. விரலில் செம்மண் காய்ந்து வெடித்தது.

ஆட்டம் முடிந்தபின் கீரந்தை வந்தார். "என்னால முடியல வெள்ளச்சி. அப்பா வேலை இருக்கு, தங்கச்சி இருக்கா. உனக்குத் தெரியாததா?" என்றார். தெரியும் என்றேன். தெரிந்ததால் வலி குறையவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

தேவியாரே, இளவரசர் மீது எனக்கு மனத்தாங்கல் பெரிதாக இல்லை. அவரிடம் நான் எதையும் எதிர்பார்த்ததில்லை. உங்களிடம் எதிர்பார்த்தேன். என் குடியில் எழுத்து அறிந்த முதல் ஆள் நான். பட்டம் பெற்ற நாளில் நீங்கள் என் கையைப் பிடித்துத்தான் பட்டயத்தை வைத்தீர்கள். உடனே விட்டுவிடாமல், இன்னும் இறுக்கிப் பிடித்தீர்கள். அன்று இரவு அம்மா என் கையை முகர்ந்து பார்த்து, அரசியார் பூசும் சந்தனம் என்று அண்டை வீட்டாரையெல்லாம் அழைத்து முகரச் சொன்னாள்.

அதே நீங்கள் நேற்று எனக்கு ஒரு கோல் அனுப்பினீர்கள். சந்தன மரக் கோல், பொன் பிடி, நுனியில் மென்மையான பஞ்சு. பேரவையார் அதைப் பட்டுத் துணியில் ஏந்தி வந்து, இனி அளக்குடியிலிருந்து வரும் நடுவர்கள் எட்ட நின்றே செம்மண் இடலாம், எவரும் குறை சொல்ல முடியாது, தேவியார் தாமே எண்ணி எண்ணிச் செய்வித்தது என்றார்கள். ஆட்டம் முறையாக முடிந்தது, நடுவர் பார்த்ததில் பிழை நேர்ந்தது என்று நான் முத்திரையிட்டுக் கொடுத்தால், தலைநகரப் பேராட்டத்துக்கு நானே நடுவர் என்றும் சொன்னார்கள். எங்கள் குடியிலிருந்து எவரும் அந்தக் களத்தில் கால் வைத்ததில்லை. நான் அதை எவ்வளவு விரும்பினேன் என்று உங்களுக்குத் தெரியாது. இப்போதும் விரும்புகிறேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை அவமதிக்க நினைத்திருந்தால் ஒரு வேப்பங்குச்சி போதும். மரியாதை செய்வதாக நினைத்துப் பொன் பிடி போட்டீர்கள். அந்தக் கோல் எத்தனை முழம் நீளமோ, அத்தனை முழம் தள்ளி நான் நிற்க வேண்டும் என்று உங்கள் வாயால் சொல்லாமல் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் வரும் பெண்ணும் அந்தத் தொலைவில்தான் நிற்பாள். அவள் அதைப் பிறவியிலேயே வந்த முறை என்று நினைத்துக்கொள்வாள்.

நடுவர் முத்திரையிடாத ஆட்டம் முடிந்த ஆட்டமாகாது என்பது உங்கள் பாட்டனார் காலத்துச் சட்டம். ஆகவே என் பதவிக்குரிய கடைசி ஆணையை இடுகிறேன். இளவரசர் கையை இழுத்துக்கொண்ட இடத்தில் அந்த ஆட்டம் நிற்கிறது. அதன்பின் அடித்த இலக்கு செல்லாது. வெற்றி எவருக்கும் இல்லை. விழா மாலையை எவர் கழுத்தில் போட்டிருந்தாலும் கழற்றுக. இளவரசர் முன்கையை நீட்டி, ஒரு நடுவரின் விரல் அதில் படும்வரை எவரும் இதை மாற்றி எழுதலாகாது. அந்த விரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அது நடக்காது என்று தெரிந்தே கேட்டிருக்கிறேன்.

கோலைப் பட்டோடு பேரவை வாசலில் வைத்துவிட்டேன். கொம்பைக் கீரந்தையிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "இரு, ஒரு வார்த்தை" என்றார். நான் இருக்கவில்லை. பேரவையார் அடுத்த அறையில் என் முத்திரைக்காகக் காத்திருக்கிறார்கள், வெற்றிலை மெல்லும் ஓசை கேட்கிறது. இந்த ஓலையை அவர்கள் படிக்கும்போது என்னைத் தேடுவார்கள். மன்னிப்புக் கேட்க வைக்கலாம் என்று நினைப்பார்கள்.

வெண்கழி நாடு வாழ்க. தேவியார் நெடிது வாழ்க. இதை நான் வஞ்சமாகச் சொல்லவில்லை. இந்த ஓலையில் மட்டும் ஆட்ட நடுவர் முத்திரை இட்டேன், இது கட்டளை, இதற்கு மறுமொழி வேண்டுவதில்லை. அளக்குடி வெள்ளச்சி எழுதினேன். எழுத்தாணியை வைத்துவிட்டுத் தெற்கு வாசல் வழியாக வெளியே போகிறேன்.