நீல வண்டியின் ஹேண்டில்

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருக்கிறார்கள். அலமாரியை நகர்த்தியபோது கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஹேண்டில் விழுந்து தரையில் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டது. "இன்னா சார் இது, கடப்பாரையா?" என்று கேட்டார் வெள்ளையடிப்பவர். பழைய வண்டியை முன்னால் நின்று சுற்றிக் கிளப்பும் இரும்பு என்றேன். "வண்டி எங்க?" என்றார். நான் குனிந்து அதை எடுத்தேன்.

நீ தடவி வைத்த கிரீஸ் இன்னும் முழுக்கக் காயவில்லை. எடுத்து நிறுத்தியதில் உள்ளங்கை முழுக்க ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. குழாயடியில் நின்று, இப்போதெல்லாம் செய்வதுபோல, மனதுக்குள் எண்ணிக்கொண்டே கழுவினேன். ஏன் எண்ணுகிறேன் என்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

நம்மைச் சேர்த்து வைத்தது பத்திரிகையில் நான் எழுதிய ஒரு வரி.

திருவொற்றியூரில் அந்தத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. அப்போதே கிழட்டு வண்டி அது. அதற்கு நீ டிரைவர். அக்கம்பக்கத்தில் தீ என்று தகவல் வந்தாலும் அதைத்தான் முதலில் அனுப்புவார்கள். ஒரு கோடை மதியம், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த குடிசைகளில் தீப்பிடித்தது. நடக்க முடியாத ஒரு முதியவர் உள்ளேயே இறந்துபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது புகை மட்டும் இருந்தது. நாலு பேரிடம் விசாரித்தேன். நாலு பேரும் ஒன்றையே சொன்னார்கள். 'தீயணைப்பு வண்டி தாமதமாக வந்ததே உயிரிழப்புக்குக் காரணம் என்று அப்பகுதி மக்கள் குற்றம் சாட்டினர்' என்று எழுதி அனுப்பினேன். மக்கள் குற்றம் சாட்டினர் என்று போட்டுவிட்டால் எழுதியவன் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. வண்டியை ஓட்டி வந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள், நான் வழக்கமாக நிற்கும் டீக்கடைக்கு நீயே வந்தாய். காக்கிச் சட்டை. கையில் மடித்த பேப்பர்.

"ரிப்போட்டரு நீதானா?"

"ஆமாம்."

"லேட்டுன்னு போட்டுக்கீற. எவ்ளோ லேட்டு?"

நான் கையிலிருந்த டீ கிளாஸைப் பார்த்தேன்.

"எத்தினி நிமிசம்? தெரியாதா? தெரியாமதான் எழுதினியா?"

அடிக்கப் போகிறாய் என்று கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். நீ கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னாய். "எனக்கும் தெர்ல மாமு. உனக்குத் தெரியுமோன்னுதான் கேட்டேன்" என்றாய்.

ரயில்வே கேட் மூடியிருந்தது, கூட்ஸ் வண்டிக்காக நின்றோம் என்று அன்றைக்குத்தான் சொன்னாய். நான் அதை எழுதியிருக்க வேண்டும். திருத்தம் போடலாமா என்று அலுவலகத்தில் கேட்கக்கூட இல்லை. இதை நீ ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. ஆனால் அதன் பிறகு தாமதம் என்ற சொல்லை எழுதும் இடத்திலெல்லாம் எத்தனை நிமிடம் என்று கேட்டுத்தான் எழுதினேன். அலுவலகத்தில் எனக்கு அதனால் ஒரு பட்டப்பெயரும் வந்தது.

நாம் பழக ஆரம்பித்து வெகுகாலம் எனக்குப் புரியாத ஒன்று இருந்தது. நீ சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டாய். மீன் குழம்பையும் அப்படித்தான். உன் மனைவி அஞ்சலை தட்டை வைக்கும்போதே மகளைக் கூப்பிட்டு ஆரம்பித்துவிடுவார்: "தொரைக்கு ஸ்பூன் எடுத்தாடி கலா. லண்டன்லேர்ந்து இப்பத்தான் வந்து எறங்கிக்கீறாரு." "போமே" என்பாய் நீ. மீன் முள்ளை ஸ்பூன் நுனியால் நெம்பி எடுப்பதைப் பார்க்க எனக்கே பொறுக்காது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

தொழிற்சாலை மூடியது. வண்டி வளாகத்து மூலையில் கிடந்தது. டயர்கள் மண்ணில் புதைந்து, பின்படியில் ஒரு வேப்பங்கன்று முளைத்திருந்தது. ஓட்டை உடைசலை ஏலம் விட்டபோது நீ அதை எடுத்து, இழுத்துக்கொண்டு கத்திவாக்கம் போய்ச் சேர்ந்தாய். உன் மகள் கலா போனில் ஒரு படம் காட்டியிருந்தாள். எந்த ஊரிலோ யாரோ பழைய தீயணைப்பு வண்டியை உரித்து, கூரையில்லாத ரேஸ் காராக மாற்றியிருந்தார்கள். "நைனா, இத்தப் பாரேன், உன் வண்டி மாரியே கீது" என்று அவள் சும்மா விளையாட்டுக்குச் சொன்னது.

படகு கட்டும் எத்திராஜின் கொட்டகையில் வேலை நடந்தது. ஏணியைக் கழற்றினாய், பம்பைக் கழற்றினாய். கேபினை வெட்டி எடுத்துவிட்டு, ஸ்டேரிங்குக்கு முன்னால் உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்றைப் பொருத்தினாய். அடிச்சட்டமான சேசிஸைக் குறுக்கி இரண்டு சீட் போட்டாய். பின்பக்கத்தை எத்திராஜ் தேக்குப் பலகையில் வளைத்துக் கட்டினார். காருக்கு வால் கட்டச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை, கவிழ்த்துப் போட்டால் கடலுக்கும் போகலாம் என்று சிரித்தார். சிவப்பு முழுவதையும் சுரண்டி, படகுக்கு அடிக்கும் நீலத்தை அடித்தாய். மணியையும் எடுத்துவிட்டாய்.

சாப்பாடு கொண்டுவந்த அஞ்சலை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தண்ணி டாங்கியும் இல்ல, பைப்பும் இல்ல. தண்ணி இல்லாம சீக்கிரமா போயி இன்னாயா பண்ணுவ? வாயால ஊதி அணைப்பியா?" எத்திராஜ் விழுந்து விழுந்து சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு, இறக்கி வைத்த தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாய்.

"அன்னிக்கி சோறு துன்னுகினு இருந்தேன் மாமு. மணி அட்ச்சாங்கோ. கை பூரா கொழம்பு. ஸ்டேரிங் வழுக்கிடுமேன்னு, கை கழுவிக்கினு ஓடினேன். யாராண்டயும் சொன்னதில்ல. அவளாண்டகூட."

தொட்டித் தகரத்தை விரலால் தட்டினாய்.

"ரயில்வே கேட்டாண்ட நின்னது எவ்ளோ, கனத்தோட வண்டி உருண்டது எவ்ளோ, என் கை எவ்ளோ. மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பாக்கணும். கனத்தக் கயட்டிட்டேன். பாக்கி ரெண்டு."

ஸ்பூன் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கும் உனக்கு. மதியம் ஒரு மணி, அதே நேரம் வேண்டும் என்றாய். பூட்டிக் கிடந்த தொழிற்சாலை வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினோம். ஸ்டார்ட்டர் இல்லாத வண்டி. முன்னால் ஒருவர் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும், உள்ளே ஒருவர் ஆக்சிலரேட்டரில் கால் வைத்திருக்க வேண்டும். நான் சுற்றினேன். நாலாவது சுற்றில் பிடித்தது. ஓடி வந்து ஏறுவதற்குள் கிளப்பிவிட்டாய். ஓரத்தில் மீன்பாடி வண்டியை நிறுத்தியிருந்த ஒருவர், "இன்னா நைனா, ரோட்டுல படகு உடுறியா?" என்று கத்தினார். நீ கையை ஆட்டினாய். கண்ணாடிக்கு மேலாக அனல் காற்று முகத்தில் அடித்தது. நீ வாயைத் திறந்து சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். முன்பு ஆறு நிமிடம் ஆகும் என்று நீ சொல்லியிருந்த தூரத்தை மூன்றில் கடந்தோம்.

ரயில்வே கேட் மூடியிருந்தது.

நீ திட்டவில்லை. அதற்காகத்தான் வந்தவன்போல எஞ்சினை ஓடவிட்டபடி இறங்கினாய். சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாய். "வாட்ச்சப் பாரு" என்றாய். விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, கைலியில் துடைத்தாய். சுற்றிலும் பைக்கில் நின்றவர்கள் உன்னையும் நீல வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எவ்ளோ?"

"நாற்பது விநாடி."

பிறகு வெயிலில் நின்றோம். நிலக்கரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் போயின. கேட் தூக்கியபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது.

அந்தப் பக்கம் போனோம். குடிசைகள் இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு வந்திருந்தது; கொடிகளில் துணி காய்ந்தது. நீ எஞ்சினை அணைத்தாய்.

"பதினொரு நிமிடத்தில் நாற்பது விநாடி எந்த மூலைக்கு?" என்றேன்.

நீ என் முகத்தையே பார்த்தாய். "ரிப்போட்டரு, ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"என்ன கேட்க?"

"ஒண்ணுமில்ல. வுடு."

எனக்குத் தெரியும், என்ன கேட்க வேண்டும் என்று. அன்றைக்கு நீ வந்தபோது கேட் ஏற்கனவே மூடியிருந்ததா, அல்லது உன் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்ததா? ஏற்கனவே மூடியிருந்தால் அந்த நாற்பது விநாடி ஒன்றுமே இல்லை. உன் கண்ணெதிரே இறங்கியிருந்தால், எல்லாமே அந்த நாற்பது விநாடிதான். முப்பது ஆண்டுகள் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். கேட்காமல் எழுதியதில்தான் உன்னை அறிந்தேன். அன்றைக்கு, தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலை தட்டையும் ஸ்பூனையும் வைத்தார். "வாணாம்மே" என்று ஸ்பூனை நகர்த்திவிட்டு, சங்கரா மீன் குழம்பைச் சோற்றில் ஊற்றி, கையால் பிசைந்தாய். அஞ்சலை கரண்டியோடு அப்படியே நின்றார். சாப்பிட்டு முடித்த பிறகும் நீ எழவில்லை. விரல்களில் குழம்பு காய்ந்து போகும்வரை உட்கார்ந்திருந்தாய்.

நான் கிளம்பும்போது ஹேண்டிலுக்குக் கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தாய். "உன்னாண்டயே இருக்கட்டும். நீ வந்தாத்தான் வண்டி. அடுத்த வாரம் எண்ணூர் கழிமுகம் வரைக்கும் போவலாம்."

அடுத்த வாரம் எனக்கு வேலை இருந்தது. அதற்கடுத்த வாரமும் இருந்தது. பிறகு ஒரு காலையில் கலா போன் செய்தாள்.

நீ இருந்தவரை கேட்காதது உன்மேல் வைத்த அன்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. யாராவது ஒருவர் நேராகக் கேட்க வேண்டும் என்று நீ காத்திருந்தாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். பதில் எதுவானாலும் அதைச் சுமக்க உன்னோடு இன்னொருவன் இருந்திருப்பான். தனியாகச் சுமக்க விட்டுவிட்டேன். வாரத்தில் ஒருநாளாவது மனதுக்குள் உன் எதிரில் உட்கார்ந்து, எழுதுவதற்காக இல்லாமல் அதைக் கேட்கிறேன். நீ டீயை ஆற்றிக்கொண்டு ஏதோ சொல்ல வருகிறாய். அதற்கு மேல் எனக்குக் கற்பனை ஓடுவதில்லை.

வண்டி எத்திராஜின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. போன வாரம் கலா பேசினாள். "மாமா, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம், நைனா வண்டி. ஹேண்டில எடுத்துனு வாங்கோ" என்றாள். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். நான் சுற்றுவேன், அவள் ஓட்டுவாள். அந்தக் கேட் வழியாகத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மூடியிருந்தால் இறங்கி நிற்போம். நீ என்னிடம் சொன்னதையும், நான் உன்னிடம் கேட்காததையும் அங்கே வைத்து அவளிடம் சொல்லப் போகிறேன். அன்றைக்கு மட்டும் கையில் வாட்ச் கட்டுவதாக இல்லை.