அத்தை, உங்கள் வெள்ளச்சியைப் பற்றி

என் அத்தைக்கு, உங்களோடு ஏழு வருஷம் மல்லுக்கு நின்ற மருமகள் விழுந்து கும்பிட்டு எழுதுவது.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. உங்களுக்கு எழுத்து தெரியாது. திருவொற்றியூரில் இருக்கும் உங்கள் மகளுக்குக் கடுதாசி போட வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். நடுவில் உங்கள் பேச்சையே திருத்துவேன், அதற்கு ஒரு சண்டை நடக்கும். இப்போது நானே சொல்லி நானே எழுதுகிறேன். உங்கள் பிள்ளையிடம் ஒன்பது நாளாக மறைத்து வைத்திருப்பதை முதலில் உங்களிடம் சொல்லிவிடத்தான் இந்தக் கடுதாசி.

கடைசியாகப் பேச்சு இருந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். "மரகதம், பூனைங்கள மட்டும் தொரத்திடாதடி. வாயில்லா ஜீவன், அதுங்க இன்னா பண்ணும்?" நான் தலையாட்டினேன். அத்தை, அப்போது நிஜமாகத்தான் ஆட்டினேன்.

யுத்தத்தில் குண்டு விழப்போகிறது என்று பட்டணத்தை விட்டு ஓடினவர்கள் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள். அரிசிக்கு வரிசை குறையவில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல் ராணுவ லாரிகள் போனபடி இருக்கின்றன. வயிறு காய்ந்தவர்கள் பெருகிவிட்டார்கள். நம் தண்டுக்கீரைப் பாத்தியில் இரண்டு தரம் கை வைத்துவிட்டார்கள். கோழி இரண்டும் போய்விட்டன. அதனால்தான் உங்கள் பிள்ளை நாய்க்குட்டி கொண்டுவந்தார். கோபாலபுரத்தில் அவர் கீரை கொடுக்கும் பங்களாவில் முதலாளி ஊரைவிட்டுப் போய்விட, காவல்காரர் தலையில் நாலு குட்டிகள். அதில் ஒன்றைக் கீரைக் கூடையில் வைத்துத் துண்டால் மூடி எடுத்துவந்தார்.

புதிதாக வருவது நாயானாலும் பூனையானாலும் வாசலில் மூன்று சுற்று சுற்றித்தான் இறக்க வேண்டும், அப்போதுதான் வந்த வழி மறக்கும் என்பீர்களே, அதை அவர் மறக்கவில்லை. கூடையோடு சுற்றி இறக்கினார். குட்டி தலை கிறுகிறுத்து, நாலு கால்களும் நாலு பக்கம் போக, மண்ணில் உட்கார்ந்துவிட்டது. நீங்கள் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். மணி என்று பேர் வைத்தோம்.

உங்கள் பூனைகளுக்குப் பிடிக்கவில்லை. கறுப்பன் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மணி தூங்குகிற நேரம் பார்த்து இறங்கிச் சோற்றை நக்கிவிட்டு மறுபடி ஏறிவிடும். அதோடாவது காலம் தள்ளலாம். வெள்ளச்சிதான் பேயாக மாறிவிட்டது. மணி விறகு அடுக்கின் பக்கம் போனால் போதும், முதுகைத் தூக்கிக்கொண்டு சீறும். மணியும் வேறு இடமே இல்லாத மாதிரி அங்கேதான் போய் மோந்துகொண்டு நிற்கும். பிடிவாதக்காரக் கிழவி வளர்த்த பூனை வேறு எப்படி இருக்கும் என்று உங்களையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

ஐந்தாம் நாள் காலையில் மணி அலறிய அலறலில் அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். இடது கண்ணிலிருந்து ரத்தம் வழிகிறது. வெள்ளச்சி விறகின்மேல் நிற்கிறது. ஈரத்துணியால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். அந்தக் கண் போய்விட்டது அத்தை.

சந்தையிலிருந்து வந்த உங்கள் பிள்ளை பார்த்தார். "இன்னாமே பண்றது, பழகுற வரைக்கும் அப்படித்தான். ஒரு மாசம் போவட்டும்" என்றார்.

"ஒரு மாசத்துல இன்னொரு கண்ணும் பூடும்யா. எங்கியாவது கொண்டும் போய் உடு அந்தப் பூனைய."

"எங்கம்மா பூனை அது. அத இன்னாவும் செய்யாத" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அவர் கூடையோடு கிளம்பியதும் நான் வெள்ளச்சியைக் கோணிப்பையில் போட்டுக் கட்டினேன். பாலம் தாண்டி, சாந்தோம் போகிற சாலையில் மீன்காரிகள் உட்காரும் மரத்தடிக்குப் போனேன். உங்கள் முறைப்படியே மூன்று சுற்று சுற்றி அவிழ்த்துவிட்டேன். அது ஓடவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. மீன் இருக்கிற இடம், நம் வீட்டுக் கஞ்சிக்கு இது எவ்வளவோ மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடம், "நாய்க்குப் பயந்து எங்கியோ பூடுச்சு, வந்துரும்" என்று சொன்னேன்.

அன்றும் மறுநாளும் மணி விறகைச் சுரண்டிக்கொண்டு முனகிக்கொண்டே இருந்தது. கண் வலியில் முனகுகிறது என்று நினைத்து, இரண்டு தரம் இழுத்துக் கட்டிப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அடுப்புக்கு அடிக்கட்டையை உருவினபோது உள்ளே மூன்று குட்டிகள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். இரண்டு விறைத்துப் போயிருந்தன. ஒன்று சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து மூடியது.

அதற்குமுன் ஒரு வாரமாக வெள்ளச்சி மெலிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதன் மடியைப் பார்த்தே சொல்லியிருப்பீர்கள். பிள்ளைகளைக் காப்பாற்ற நின்ற தாயைப் பேய் என்று நினைத்துவிட்டேன். முனகலில் பாதி விறகுக்குள்ளிருந்து வந்தது. மணிக்குக் கேட்டது எனக்குக் கேட்காமல் போயிற்றே, நான் என்ன பெண்பிள்ளை?

உங்கள் பிள்ளை முருங்கை மரத்தடியில் குழி தோண்டி இரண்டையும் வைத்தார். மண்ணைத் தள்ளிக்கொண்டே, "நாந்தான் நாயக் கொண்ணாந்து அதத் தொரத்திட்டேன். எங்கம்மா சாவசொல்ல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு" என்றார். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஏழு வருஷம் உங்களிடம் ஓயாத வாய்.

அவர் அந்தப் பக்கம் போனதும் பாலம் தாண்டி மீன்காரிகளின் மரத்தடிக்கு ஓடினேன். ஒரு மீன்கார அம்மா சொன்னாள்: "வெள்ளப் பூனையா? ரெண்டு நாளா மடில பால் கட்டிக்கினு கத்திக்கினே கெடந்துச்சும்மா. மீன் தல போட்டேன், மோந்துகூடப் பாக்கல. விடியசொல்ல பாலத்துமேல போய்க்கினு இருந்துச்சு."

திரும்பி வரும்போதுதான் கண்ணில் பட்டது. போகும்போது அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். பாலத்தின் கைப்பிடிச் சுவர் முடியும் இடம், நம் கரை. வெள்ளச்சிமேல் லாரி ஏறியிருந்தது. மூன்று சுற்று சுற்றியும் அது வழியை மறக்கவில்லை அத்தை. பாலம் முழுக்கக் கடந்துவிட்டது. இன்னும் அரைமணி நடந்திருந்தால் வீடு. முந்தானையில் சுருட்டி எடுத்துப்போய் ஆற்றங்கரைப் பூவரச மரத்தடியில் கையால் மண்ணைப் பறித்துப் புதைத்தேன். அங்கே அழுததோடு சரி, வீட்டில் அழ முடியவில்லை.

மிச்சமிருக்கும் குட்டிக்குத் துணித்திரியில் ஆட்டுப்பால் நனைத்துக் கொடுக்கிறேன். இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. நாளைக்கு எப்படியோ தெரியாது. மணி அதன் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. கறுப்பன் நேற்று இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

உங்கள் பிள்ளை சாயங்காலமானால் வேலிப் படலோரம் மீன் தலை வைத்துவிட்டு வெள்ளச்சி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார். நேற்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "இந்த நாய் இருக்கற வரைக்கும் அது வராது. நாளைக்குக் காலைல கோபாலபுரத்துலயே உட்டுட்டு வந்துடறேன்" என்றார். இன்று விடியற்காலையில் கூடையை எடுத்துவிட்டார். இன்னும் ஒருநாள் போகட்டும் என்று கெஞ்சி நிறுத்தினேன். ஒற்றைக்கண் குட்டி, அங்கே யார் அதைச் சீந்துவார்கள்?

சந்தையிலிருந்து அவர் வரும் நேரம் ஆகிவிட்டது. அவர் அடித்தாலும் சரி, பேச்சை விட்டாலும் சரி, கூடையை இறக்கியதும் சொல்லிவிடுகிறேன்: நாய் துரத்தவில்லை, நீயும் துரத்தவில்லை, நான்தான் கொண்டுபோய் விட்டேன், அது திரும்பி வந்துகொண்டிருந்தபோது செத்தது என்று. இது உங்களுக்கு நான் கொடுக்கும் இரண்டாவது வாக்கு. முதல் வாக்கைக் காப்பாற்றாதவள் என்று தெரிந்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்
மரகதம்