கிட்டங்கி மட்டுப்பாவின் சரிவு

குளச்சல்
கொல்லம் 1109 மேடம் 12

கொழும்பில் சுகபெலத்தோடிருக்கும் அருமை மருமகன் செல்வதாசுக்கு, குளச்சல் கடற்கரைக்கும் அதன் காக்கைகளுக்கும் அதிபதியாகிய மாமன் ராஜையன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே மனுஷர் எல்லாரும் சுகம். உங்கள் கொப்பரைக் கிட்டங்கியின் மட்டுப்பாவுக்குத்தான் சுகமில்லை.

போன மழையில் அந்தத் தட்டைக் கூரை ஒழுகிய ஒழுக்கைக் கண்டு பேச்சிப்பாறை அணையே வெட்கப்பட்டது. கிடங்கில் அடுக்கிய சாக்குகளுக்கிடையே மீன் துள்ளியது. இரண்டை உன் அம்மை குழம்பு வைத்தாள். கொப்பரை பாதி பூசணம் பூத்தது மட்டும் பொய்யில்லை. வருகிற இடவ மாதத்து மழையும் உள்ளே பெய்தால் வியாபாரம் கிடையாது.

இடித்துக் கட்ட வகையில்லை. குறைந்த செலவில் வழி தேட மகாசபை கூட்டினேன். வள்ளக்காரன் கபிரியேல் சொன்னபடி வள்ளத்துக்குப் பூசும் கீலைப் பூசினோம். அது வெயிலில் உருகிச் சொட்டியதில் கணக்குப்பிள்ளையின் வழுக்கையில் கறுத்த முடி முளைத்தது. ஓலை வேய்ந்தோம், காற்று அதைத் தேங்காய்ப்பட்டணத்துக்கு ஏற்றுமதி செய்தது. கடைசியில் இஸ்ரவேல் கொத்தனார் வந்தார். வெடிப்பைக் கொத்தி அடைத்து, மேலே சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கடுக்காய் நீரில் குழைத்துப் போட்டு அடித்து இறுக்கினால் போதும் என்றார். ஆனால் கிழக்கே சரிவு கொடுக்காவிட்டால் தண்ணீர் தேங்கி மறுபடி வெடிக்குமாம்.

மக்கா, எல்லாரும் உன் அப்பாவைத்தான் பார்த்தோம். ஏழு வருஷத்துக்கு முன்னே கட்டும்போது நீ சொன்னதும் அதுதானே. சரிவு வைத்தால் காயப்போட்ட கொப்பரை உருளும் என்று உன் அப்பா பலகைபோல் மட்டமாய்ப் போட்டார். வேலையாட்கள் முன்னால் உன்னை அவர் சொன்ன சொல்லை நான் எழுதமாட்டேன். மறுநாள் நீ கப்பலேறினாய்.

என் அத்தானுக்கு, அதாவது உன் அப்பாவுக்கு, இப்போது ஏணி ஏறக் கால் வராது. முக்காலியில் இருந்தபடியே, "அவன் சொன்ன சரிவையே போடும் ஓய்" என்றார். எவ்வளவு என்று கொத்தனார் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? அவன்கிட்டயாக்கும் கேக்கணும்."

அவ்வளவுதான், வேலை நின்றுவிட்டது. அளவு கொத்தனாருக்குத் தெரியும், அத்தானுக்கும் தெரியும். சுண்ணாம்பு ஊறிக் கிடக்கிறது. தளம் அடிக்க வரும் பெண்கள் தினமும் வந்து பார்த்துத் திரும்புகிறார்கள். யார் சொன்னாலும் அவர் அசைவதில்லை. தபால்காரன் தெரு திரும்பும்போது மட்டும் தலையைத் தூக்குகிறார்.

ஆகையால் அளவைக் கடிதத்தில் எழுதிவிடாதே. எழுதினால் வேலை முடிந்துபோகும். உன்னைக் கூப்பிட அவருக்கு வேறு காரணம் அகப்படாது. நீயே வந்து சொல்லு மக்கா. மேற்கே மேகம் திரளுமுன்னே கர்த்தர் உன்னை அலையடங்கிய கடலில் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
மாமன் ராஜையன்