ரோஜாக் குச்சியில் தொங்கின மாஸ்க்

ஏங்க,

சோறு குக்கர்ல இருக்கு. மத்தியான மாத்திரையைத் தட்டுக்குப் பக்கத்துலயே வச்சிருக்கேன்.

கடைக்குப் போனா மாஸ்க் போடுறீங்க. நம்ம மாடிதானேன்னு அதை ரோஜாக் குச்சியில மாட்டிட்டு, வெறும் மூக்கோட மக்கின உரத்தைக் கிளறுறீங்க! கிட்னி மாத்தின டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரே: "இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வச்சிருக்கு. மத்தவங்களை ஒண்ணும் பண்ணாத பூஞ்சைத் தூசி உங்க நுரையீரல்ல முளைச்சுடும்." காதுல வாங்குனாத்தானே!

லேசா இருமினாலும் உடனே போன் பண்ணுங்க. மாடிச் சாவி என் பையில இருக்கு, தேடாதீங்க.

பி.கு: ரோஜாவுக்கு நானே தண்ணி ஊத்திட்டேன்.

இன்னொண்ணு: "என் உடம்பு, என் இஷ்டம்"னு நேத்து கத்துனீங்களே. உள்ள இருக்கிற கிட்னி என்னோடது. அதை உரத்துல கொட்டவா அறுத்துக் குடுத்தேன்?